குலுக்கத் தெரியாத பெட்டி

வெள்ளவத்தை,
08.06.1996

மதிப்புக்குரிய புளோறன்ஸ் அன்ரிக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. துறைமுக ஒப்பீஸில் உங்கள் கணவர் பீற்றர் அங்கிளுக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் வரதராசாவின் மகள் நான். இந்தக் கடிதம் அப்பாவின் சாப்பாட்டுப் பையில் போய், அங்கிளின் சாப்பாட்டுப் பையில் உங்களிடம் வருகிறது. சொதி பட்டிருந்தால் மன்னிக்கவும்.

வருகிற தையில் நான் லண்டன் ஓ.எல். பரீட்சையில் கொம்பியூட்டர் பாடம் எடுக்கிறேன். பாதிப் புள்ளி பரீட்சைத் தாளுக்கு. மீதி, வீட்டிலிருந்து செய்து கொடுக்கும் செயற்திட்டத்துக்கு. உண்மையான ஓர் ஆளுக்கு உண்மையாகவே இருக்கும் ஒரு கரைச்சலைத் தீர்க்கிற மாதிரி அதைச் செய்ய வேண்டும் என்பது எங்கள் கதிர்காமநாதன் சேரின் கட்டளை. அந்த ஆளோடு கேட்பது, சொல்வது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ரெலிபோனில் பேசியது செல்லாது. முடிவில் அவர், பாவித்துப் பார்த்தேன், இப்படி இருந்தது என்று எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். கையொப்பம் இல்லாத செயற்திட்டத்தைச் சேர் லண்டனுக்கு அனுப்பவே மாட்டார்.

வகுப்பில் எல்லோரும் தங்கள் மாமாமாரின் கடைகளைப் பிடித்துவிட்டார்கள். எனக்கு இருக்கும் ஒரே மாமா கனடாவில், இன்னொருவருடைய கடையில் நிற்கிறார்.

இந்தப் பாடத்தில் 'ஏ' எடுத்தால் மேலே கொம்பியூட்டர் படிக்கலாம், இல்லாவிட்டால் அண்ணாவைப் போலக் கணக்கியல் என்று அப்பா சொல்லிவிட்டார். கணக்கியல் எனக்கு வேப்பங்காய். உங்கள் கோயில் மண்டபத்தில் மாதாமாதம் ஹவுசி என்று ஏதோ இலக்க விளையாட்டு நடப்பதாகவும், மாதாமாதம் அதில் சண்டை வருவதாகவும் பீற்றர் அங்கிள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சண்டையை எனக்குத் தர முடியுமா?

இங்ஙனம்,
கௌரி வரதராசா

*

கொட்டாஞ்சேனை,
11.06.1996

அன்புள்ள மகள் கௌரி,

சொதி படவில்லை. ஆனால் ஒட்டியிருந்த கவர் எப்படித் திறந்தது என்று பீற்றரைக் கேட்டேன். தானாகத் திறந்ததாம். அந்த மனுசன் முப்பது வருசமாக என்னிடம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஹவுசி என்றால் என்னவென்று தெரியாமல் கொழும்பில் ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறது. கேட்டுக்கொள்ளும். ஆளுக்கொரு மட்டை. மட்டையில் இலக்கங்கள். ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை மர இலக்கங்கள் ஒரு பைக்குள். பையைக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்து ஒருவர் கூப்பிடுவார். உம்முடைய மட்டையில் அது இருந்தால் அதன்மேல் ஒரு புளியங்கொட்டை. முழு மட்டையும் முதலில் நிறைந்தவர் 'ஹவுஸ்' என்று கத்துவார், அவருக்குப் பரிசு. மட்டை வாங்க வசூலிப்பது மண்டபக் கூரைக்கு. எங்கள் மாதர் சங்கம் நடத்துகிறது. தலைவி நான்.

சண்டையின் பெயர் கிளறன்ஸ். நாற்பது வருசமாக இலக்கம் கூப்பிடுகிறவர். குரல் கோயில் மணி. கண் போய்விட்டது, கண்ணாடி போடுவதற்கு ரோசம் விடாது. போன மாதம் தொண்ணூற்றொன்று என்று கூப்பிட்டார். பதினாறைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். ஹவுஸ் கிடைக்க வேண்டிய ஒரு பெண் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாள்.

உம்முடைய மெஷினுக்குக் கண் மங்காது என்றால் கொண்டு வாரும்.

அன்புடன்,
புளோறன்ஸ் அன்ரி

*

வெள்ளவத்தை,
15.06.1996

அன்ரிக்கு,

கோடி நன்றி. சேர் தந்த கேள்விகள் இத்துடன். தற்போதைய முறையின் குறைபாடுகள் யாவை? அதன் நன்மைகள் யாவை? புதிய முறையிடமிருந்து எதிர்பார்ப்பது என்ன? கேள்வி தூய தமிழில் இருப்பது என் குற்றம் அல்ல.

கௌரி

*

கொட்டாஞ்சேனை,
18.06.1996

மகள்,

குறைபாடு: கிளறன்ஸ். நன்மை: கிளறன்ஸுக்கு ஒரு பிளேன்ரீ கொடுத்தால் போதும். எதிர்பார்ப்பது: தொண்ணூறு இலக்கமும் வர வேண்டும், ஒன்றும் இரண்டு தரம் வரக்கூடாது, தொண்ணூற்றொன்று வரவே கூடாது.

புளோறன்ஸ் அன்ரி

*

வெள்ளவத்தை,
10.08.1996

அன்புள்ள அன்ரிக்கு,

முடித்துவிட்டேன். நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாததால்தான் இவ்வளவு தாமதம். ஒரு ஆட்டம் ஓட்டி முடிப்பதற்குள் ஊரே இருண்டுவிடும்.

பரிசோதனை முடிவைக் கேளுங்கள். பத்துத் தரம் கொம்பியூட்டரை அணைத்துப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். தொண்ணூறும் வந்தது, ஒன்றும் இரண்டு தரம் வரவில்லை. பத்துத் தரமும் அறுபத்துநான்கு, நாற்பத்தொன்பது, ஐம்பத்துமூன்று என்று இம்மியும் பிசகாமல் ஒரே விடை. 'நம்பகத்தன்மை நிரூபிக்கப்பட்டது' என்று செயற்திட்டத்தில் எழுதியிருக்கிறேன். சேர் பக்கத்தில் சரி போட்டிருக்கிறார்.

பதினேழாம் திகதி மெஷினோடு வருகிறேன். வயர்களைப் பூட்டிக் காட்டிவிட்டு இருட்ட முதல் நான் திரும்பிவிட வேண்டும். தெஹிவளை ரயிலில் குண்டு வெடித்த பிறகு அப்பா என்னைச் சந்திக் கடைக்கும் தனியே விடுவதில்லை. நீங்கள்தான் ஓட்ட வேண்டும். பயப்பட வேண்டாம், கைநூல் எழுதியிருக்கிறேன். அதில் இருக்கிறபடி செய்தால் போதும். முக்கியமாக நான்காம் பக்கம்: புது ஆட்டம் தொடங்க, மெஷினை அணைத்து மறுபடி போடவும்.

கௌரி

*

வெள்ளவத்தை,
18.08.1996

அன்புள்ள அன்ரிக்கு,

நேற்று எல்லாம் அமர்க்களமாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நாங்கள் வந்த கதையைச் சொல்ல நேற்று நேரம் இருக்கவில்லை. கொம்பனித்தெருச் சோதனைச் சாவடியில், பீற்றர் அங்கிள் எங்களை ஏற்றி வந்த வானை மறித்துவிட்டார்கள். பின்சீற்றில் போர்வை சுற்றிய பெட்டி, அதிலிருந்து தொங்கும் வயர்கள், பக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அடையாள அட்டையில் எழுதிய அப்பா. அப்பா எனக்குப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்தார். பீற்றர் அங்கிள் இறங்கிப் போய்ச் சிங்களத்தில் விளக்கினார். ஆமிக்காரர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டார், இது எதற்கு என்று. எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் மறந்துபோய் 'ஹவுசி' என்று மட்டும் வந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. "அபே அம்மத் ஹவுசி கஹனவா" என்றார். நீர்கொழும்பில் அவருடைய அம்மாவும் விளையாடுகிறவராம். உங்கள் அம்மாவுக்கும் கூப்பிடுகிறவரோடு சண்டையா என்று கேட்க நினைத்தேன், அப்பா என் கையைப் பிடித்துவிட்டார்.

ஒரே ஒரு பக்கம் எழுதி, கையொப்பம் வைத்து அனுப்பினால் போதும். 'நன்று' என்று ஒரு சொல் இருந்தாலே போதும்.

கௌரி

*

கொட்டாஞ்சேனை,
19.08.1996

செல்வி கௌரி வரதராசா அவர்களுக்கு,

அமர்க்களமாகத்தான் நடந்தது.

முதலாவது ஹவுஸ் என் தங்கச்சி றோஸிக்கு. றைஸ் குக்கர். எல்லோரும் கைதட்டினார்கள். நான் உங்கள் கைநூலின் நான்காம் பக்கத்தை வேதவாக்காக எடுத்து மெஷினை அணைத்துப் போட்டேன். எங்கள் சனம் ஆளுக்கொரு மட்டையைப் பிடித்தால் இரவு முழுக்க அதையேதான் வைத்து விளையாடும். றோஸி தன் கலியாண வருசத்திலிருந்து ஒரே மட்டைதான். இரண்டாவது ஹவுஸும் றோஸிக்கு. சுவர் மணிக்கூடு. கைதட்டல் குறைந்துவிட்டது. மறுபடி நான்காம் பக்கம். மூன்றாவது ஆட்டத்தில் மூன்று இலக்கம் போனதும், நான் நாலாவதுக்கு வாயைத் திறக்க முதல் கடைசி வரிசையில் இருந்து கிளறன்ஸ் எழும்பி, "இனி இருபத்தேழு" என்றார். இருபத்தேழு வந்தது. "இருபத்தெட்டு" என்றார். வந்தது. அந்தக் கண் தெரியாத மனுசனுக்கு நடக்கப்போவது தெரிகிறது, உங்கள் மெஷினுக்குத் தெரியவில்லை.

தலைவியும் தங்கச்சியும் வெள்ளவத்தையிலிருந்து பெட்டி இறக்கிக் களவெடுக்கிறார்கள் என்று மண்டபம் முழுக்கச் சொல்லிவிட்டது. கூரைக் காசில் கைவைத்தவள் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஐம்பத்தாறு வயதில் எனக்குக் கிடைத்த பட்டம்.

கிளறன்ஸ் பிழை விட்டால் ஒருத்திதான் அழுவாள். இந்த நாசமாய்ப் போன பெட்டி ஒரே மாலையில் கோயில் பங்குச் சனம் முழுவதையும் அழவைத்தது. புத்தகம் படித்த பிள்ளைக்கு ஒரு பையைக் குலுக்கத் தெரியவில்லை. தகப்பன் வானுக்குள் இருந்து வியர்த்ததைத் தவிர வேறென்ன சொல்லிக்கொடுத்தார்? பெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுக்கவும். கையொப்பம் என்ற பேச்சு வேண்டாம், இந்தக் கடிதத்துக்குக்கூட நான் வைக்கமாட்டேன்.

*

வெள்ளவத்தை,
21.08.1996

அன்ரிக்கு,

நீங்கள் கேட்டது மூன்று: தொண்ணூறும் வர வேண்டும், இரண்டு தரம் வரக்கூடாது, தொண்ணூற்றொன்று வரக்கூடாது. மூன்றும் நடந்திருக்கிறது. ஒழுங்கு ஒவ்வொரு தரமும் மாற வேண்டும் என்று 18.06.1996 கடிதத்தில் நீங்கள் எங்கும் சொல்லவில்லை. கடிதம் என்னிடம் இருக்கிறது.

கௌரி

*

கொட்டாஞ்சேனை,
22.08.1996

சோறு கேட்கும்போது வெந்த சோறு என்று சொல்ல வேண்டுமா?

*

வெள்ளவத்தை,
25.08.1996

அன்புள்ள அன்ரிக்கு,

வேண்டியதில்லை.

அந்த ஒற்றை வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. பிறகு சேரிடம் கொண்டுபோனேன். அவர் என் பரிசோதனைப் பக்கத்தை எடுத்து, தான் போட்ட சரியைத் தானே வெட்டினார். வாசிக்காமல் போட்டதாக ஒத்துக்கொண்டார்.

கொம்பியூட்டருக்குத் தானாகக் குலுக்கத் தெரியாதாம், அன்ரி. உள்ளே ஒரு நீண்ட இலக்க வரிசை இருக்கிறது. சும்மா விட்டால், போடும்போதெல்லாம் அதை முதலிலிருந்து வாசிக்கும். மணிக்கூட்டைப் பார்த்து, அந்த நேரத்துக்குத் தக்கபடி வேறொரு இடத்திலிருந்து தொடங்கு என்று நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. கணக்கு என்றால் எப்போதும் ஒரே விடை வர வேண்டும் என்றுதான் சின்னனிலிருந்து பழக்கியிருக்கிறார்கள். ஒரே விடை வந்தபோது சந்தோசப்பட்டேனே தவிர, அது விளையாட்டு என்று நான் நினைக்கவே இல்லை.

றோஸி அன்ரி களவெடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை. அடுத்த ஹவுசிக்கு நான் வந்து எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன். அப்பாவுக்கு விருப்பமில்லை. எழுதி அனுப்பினால் போதாதா, முன்பின் தெரியாத சனத்துக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை போய் நிற்க வேணுமோ என்கிறார். எழுதினால், அதையும் நீங்கள் எழுதிவித்ததாகச் சொல்வார்கள். உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் வருகிறேன்.

கௌரி

*

கொட்டாஞ்சேனை,
02.09.1996

பிள்ளை கௌரி,

பூசையில் முன்பு சனம் நெருக்கி இருக்கும் என் வாங்கில் இப்போது நானும் பீற்றரும் மட்டும்தான் இருக்கிறோம். றோஸி குக்கரையும் மணிக்கூட்டையும் பங்குச் சுவாமியின் அறை வாசலில் வைத்துவிட்டு வந்து மூன்று நாள் படுத்திருந்தாள். மீன்காரன் கேட்கிறான், "அக்கே, ஹெட்ட நம்பர் எக மொகத்த?" நாளைக்கு விழப்போகும் லொத்தர் இலக்கத்தை என்னிடம் கேட்கிறான். அவனுக்குப் பகிடி. எனக்கு மீன் வாங்கப் போக வெட்கம்.

வாரும். கையொப்பக் கதையோடு வர வேண்டாம்.

புளோறன்ஸ்

*

கொட்டாஞ்சேனை,
23.09.1996

அன்புள்ள மகள் கௌரி,

சனிக்கிழமையிலிருந்து எங்கள் பங்கில் உன் கதைதான். நீ கழுத்தில் மைக் வயரைச் சுற்றிக்கொண்டு மேடையில் ஏறியபோது, உன் முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாகப் போய்விட்டது. பழைய மாதிரியே மெஷினைப் போட்டு, இனி என்ன வரும் என்று நீ சனத்திடம் கேட்டாய் பார், அதுதான் கெட்டித்தனம். அறுபத்துநான்கு என்று முழு மண்டபமும் கத்தியது. அணைத்துப் போட்டாய். திரும்பவும் கத்தினார்கள். மூன்றாம் தரம் சிரித்துச் சிரித்து ஒருவருக்கும் கத்த முடியவில்லை. பிறகு அந்த ஒரு வரியை எல்லோரும் பார்க்க எழுதி, திரும்பவும் போட்டாய். பதினொன்று வந்தது. கத்தத் தயாராக இருந்த சனம் புளியங்கொட்டையைத் தேடத் தொடங்கியது.

அன்றைக்கு ஹவுஸ் பௌஸியின் மனைவி லுத்பியாவுக்கு. எங்கள் பங்கும் இல்லை, எங்கள் சமயமும் இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து ஆசைக்கு வந்தவள். அதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம். குக்கரை றோஸி தன் கையாலேயே அவளிடம் கொடுத்தாள். மெஷின் காட்டும் இலக்கத்தை இனிக் கிளறன்ஸ் கூப்பிடுவார் என்று முடிவு. திரையில் அது சோற்றுக் கோப்பை அளவுக்கு இருப்பதால் அவருடைய ரோசத்துக்கும் சேதமில்லை.

நீ கேட்ட கையொப்பம் இத்துடன். நல்ல தாளில், பீற்றரின் நல்ல பேனையால் எழுதியது. 'இந்தக் கொம்பியூட்டர் முறை குறையேதும் அற்றது, இதை ஆக்கிய மாணவி பாராட்டுக்குரியவர்' என்று போட்டிருக்கிறேன். சுவாமியிடமும் ஒரு முத்திரை வாங்கினேன்.

அன்பு அன்ரி,
புளோறன்ஸ்

*

வெள்ளவத்தை,
12.10.1996

அன்புள்ள அன்ரிக்கு,

எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. உங்கள் கடிதத்தைச் சேர் திருப்பித் தந்துவிட்டார்.

குறையே சொல்லாத ஆளைத் தான் நம்பமாட்டேன் என்கிறார். பாவித்தவர் என்ன குறை கண்டார், அதற்கு மாணவி என்ன செய்தார் என்பதற்குத்தான் புள்ளி அதிகமாம். வேறு கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். நான் வெட்கத்தோடு உங்கள் 19.08.1996 கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்துக்கொண்டே கதிரையில் இருந்துவிட்டார். "பிள்ளை, இருபது வருசமாய்ப் படிப்பிக்கிறன், இப்பிடி ஒரு மதிப்பீடு நான் காணேல்லை. இதைத்தான் அனுப்ப வேணும்" என்றார். பிறகு அடியைப் பார்த்தார். கையொப்பம் இல்லை.

அன்ரி, அந்தத் திட்டுக்குக் கையொப்பம் வைத்துத் தருவீர்களா? ஐப்பசி முடிய முதல் அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டேன். 'நாசமாய்ப் போன பெட்டி'யில் மட்டும் இரண்டு நாள் நின்றேன்.

கௌரி

*

கொட்டாஞ்சேனை,
16.10.1996

கௌரி,

உனக்கு மூளை பிசகிவிட்டதா? கோபத்தில் வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறேன். உன் தகப்பனைப் பற்றி எழுதியதை நினைத்தால் எனக்கு இரவில் நித்திரை இல்லை. அவர் ஒரு சொல் பேசாமல் அந்தக் கடிதத்தைத் தன் பையிலேயே காவிக்கொண்டு வந்து உன்னிடம் தந்திருக்கிறார். லண்டன்காரன் வாசித்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு வாயாடி இருக்கிறாள் என்று சொல்லவா? முடியாது. முத்திரை வைத்த கடிதத்தை அனுப்பு.

புளோறன்ஸ்

*

வெள்ளவத்தை,
19.10.1996

அன்ரி,

அந்தக் கடிதம் வந்த நாள் நான் அழுதேன். உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் முத்திரை வைத்த கடிதம் என்னைப் பற்றியது அல்ல. அந்தப் பிள்ளை யாரென்று எனக்குத் தெரியாது. பிழை விட்ட பிள்ளைதான் நான். அவள் அந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதுதான் என் செயற்திட்டம். உங்கள் திட்டு இல்லாவிட்டால் அது வெறும் ஹவுசி.

அப்பாவிடம் கேட்டேன். அன்றைக்கு வானுக்குள் தான் வியர்த்தது உண்மைதானே, அன்ரி பொய் எழுதவில்லையே என்றார்.

நாள் போகிறது. கணக்கியல் புத்தகத்தை அண்ணா ஏற்கெனவே தூசி தட்டி என் மேசையில் வைத்துவிட்டார்.

கௌரி

*

கொட்டாஞ்சேனை,
22.10.1996

என் பிள்ளை கௌரிக்கு,

கையொப்பம் வைத்துவிட்டேன். உன் அப்பாவைப் பற்றிய வரியை வெட்டியிருக்கிறேன். அவர் பெரிய மனுசன், அவர் மன்னித்தாலும் அந்த வரியை நான் மன்னிக்கவில்லை. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், நாசமாய்ப் போன பெட்டி உட்பட.

கீழே கொஞ்சம் சேர்த்து எழுதியிருக்கிறேன். நல்ல இங்கிலீசில் போடு. உன்னைப் பற்றியது என்பதற்காகச் சுருக்கவோ வெட்கப்பட்டு விடவோ கூடாது.

'பரீட்சகர் ஐயாவுக்கு. மேலே இருப்பது கோபத்தில் எழுதியது. ஆனால் அந்த மெஷினைப் பற்றி எழுதியதில் பொய் இல்லை. இப்போது அது திருத்தமாக ஓடுகிறது. மற்றதையும் நீங்கள் அறிய வேண்டும். இந்த ஊரில் எங்களைத் தெருவுக்குத் தெரு மறிக்கிறார்கள். நீ யார், எங்கேயிருந்து வருகிறாய், என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிச் சொல்லி எங்கள் வாய்க்கு வேறு பேச்சே வராமல் போய்விட்டது. அப்படிப்பட்ட ஊரில், யாரும் பிடித்து இழுத்து வராமல், ஒரு பிள்ளை தானாக வந்து, மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் நின்று, "நான்தான் செய்தனான்" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். மெஷினுக்கு என்ன புள்ளி போடுவீர்களோ அது உங்கள் விருப்பம். இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு.

புளோறன்ஸ் பீற்றர்,
கொட்டாஞ்சேனை.'